மகளுக்கு ‘செட்’ சொல்லிக்கொடுத்த சாயங்காலம்

பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்த்த பம்ப் ஒர்க்‌ஷாப்பை இன்றோடு மூடிவிட்டார்கள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் முதலாளி. சரிங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வீட்டில் போன் இருந்திருந்தால் பூத்திலிருந்தே சொல்லித் தொலைத்திருப்பேன்.

துடியலூரில் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, ‘செட்’டுன்னா என்னங்க? டிக்‌ஷனரில பக்கம் பக்கமா அர்த்தம் போட்டிருக்குது.”

பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவனிடம் கேள்வி. ஆனாலும் இந்தச் சொல்லோடுதான் இத்தனை வருடம் பிழைத்தேன்.

“பம்ப்செட்டு ஒண்ணு கண்ணு. லேத்துல டூலை செட் பண்றது ஒண்ணு. சிமெண்டு இறுகுனா செட் ஆயிருச்சும்பாங்க. அப்புறம் டி.வி. செட்டு, செட் தோசை.”

“நானும் உங்கப்பனும் ஒரு செட்டுன்னு எழுதிக்க அம்மணி. அதுல ஒண்ணு ரிப்பேரு,” என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

மகள் சிரித்துக்கொண்டே எழுதினாள்.

“மீதிய நாளைக்குச் சொல்லுங்கப்பா. சாயங்காலம் நேரத்துலயே வந்துருங்க.”

“நாளைக்கு நான் ஊட்லதான் கண்ணு இருப்பேன்.”

என்னை அறியாமல் வந்துவிட்டது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“கை கழுவிப்போட்டு வாங்க, சோறு போடறேன்,” என்றாள்.

‘செட்’டுக்கு வேறு அர்த்தம் தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று எழுதிப் போடுங்கள். இப்போதைக்கு எனக்கு இருக்கிற வேலை அது ஒன்றுதான்.