சோம்பேறிப் பட்டத்தை நடந்தே தொலைத்த எங்கள் அக்கா

வருஷத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கு வணக்கம். அக்கா பிறந்தது காமயகவுண்டன்பட்டி. திராட்சைத் தோட்டத்து வீட்டில் நான்கு பேரில் மூத்தவர். வாழ்க்கைப்பட்டது கம்பத்தில், சொந்த அத்தை மகனுக்கே. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அக்காவுக்குச் சோம்பேறி என்று ஒரு பட்டம் இருந்தது மட்டும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தங்கையாகிய நான் அதைத்தான் எழுத வந்திருக்கிறேன். எழுதினால் என் மானமும் கொஞ்சம் போகும். போகட்டும்.

அறுபதுகளின் கடைசியில், இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அக்கா ஆளே மாறிப்போனார். முகம் உப்பியது. குரல் கட்டியது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பார். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்படியிலேயே உறங்கிவிடுவார். அக்கா வீட்டுக்காரரான மாமா வாய் திறக்காத மனிதர். அவருக்கும் சேர்த்து அத்தை பேசுவார். ஒருநாள் அக்காவை டவுன் பஸ்ஸில் கூட்டிவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, உட்காராமலே சொன்னார்:

"இம்புட்டு மந்தம் பிடிச்சவள வச்சு நான் எப்படிக் குடும்பம் நடத்த? சரியானா வரட்டும். இல்லாட்டி என் மகனுக்கு வேற பொண்ணு பாக்கத்தான் செய்வேன். பிள்ளைக ரெண்டும் அங்கன எங்கூடயே இருக்கட்டும்."

கூடப் பிறந்த அண்ணன் மகளைப் பார்த்துச் சொன்ன சொல் அது.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை, இத்தனைக்கும் அதுதான் காரணம் என்றார். "இது சோம்பல் இல்லம்மா, வியாதி" என்று அவர் சொன்னதும் அக்கா அழுதார். வியாதி என்று கேட்டுச் சந்தோஷத்தில் அழுத ஒருவரை அன்றுதான் பார்த்தேன். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, பிறகு நல்ல நடை, காலம் முழுக்க இதை விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

இங்கேதான் என் கைங்கரியம். வெறும் வயிறு என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? விரதம் இருப்பவர்களே இரண்டு தம்ளர் காபியைக் குடித்துவிட்டு, "இன்னும் பல்லுல பச்சத் தண்ணி படல" என்பார்கள். காபியை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்? தினமும் காலையில் பால் தாராளமாக விட்டுக் காபி போட்டு, அதோடு மாத்திரையையும் நானே அக்கா கையில் கொடுத்தேன். ஆறு மாதம் ஓடியது. பெரிதாக ஒன்றும் தேறவில்லை. கம்பத்தில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சேதி வந்தது. "மாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம் போடி" என்று அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடாமல் அவரைக் கம்பத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த நர்ஸம்மா கோட்டயத்துக்காரர். அவர்கள் ஊரில் காலைப் பலகாரம் சாப்பிடுவதற்கே காப்பி குடிப்பது என்றுதான் பெயர். அந்த உபசாரத்தில், "காப்பி குடிச்சோ?" என்று கேட்டார்.

"குடிச்சேன்க்கா, மாத்திரையோட" என்றார் அக்கா.

"மாத்திரையோடயோ? வெறும் வயித்திலன்னு டாக்டர் சொல்லலையோ?"

"வெறும் வயித்துலதான் குடிச்சாக. வெறும் காபிதான!" என்று நான் முந்திக்கொண்டேன்.

"பின்னே காப்பி எங்க போகுது மோளே, காலுக்கோ?"

அவர் சிரித்துவிட்டு, காபியும் பாலும் மாத்திரையை உடம்பில் சேரவிடாது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் ஆறு மாதத்தைப் பாழாக்கியது அத்தையல்ல, நான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்காதான் என்னைத் தேற்றினார்.

மறுநாளிலிருந்து பச்சைத் தண்ணீரில் மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்தே காபி. வீட்டில் இருந்தால் காபி வாசனை இழுக்கும் என்று, அந்த ஒரு மணி நேரமும் அக்கா நடக்கப் போனார். முதலில் கிணற்றடி வரை, பிறகு தோட்டத்தைச் சுற்றி, பிறகு வாய்க்கால் கரை முழுக்க. உயிருக்கு உயிரான மரவள்ளிக் கிழங்கை, தைராய்டுக்கு ஆகாது என்று நர்ஸம்மா சொன்னதற்காக விட்டார். பகல் உறக்கத்தையும் விட்டார். மாதம் போகப் போக முகம் வடிந்தது, குரல் திறந்தது. ஒருநாள் இருவரும் கம்பம் போகக் கிளம்பினோம். டவுன் பஸ் வரக் காணோம். "இதுக்கு நடந்தே போயிரலாம்டி" என்று சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பியவர், மாமியார் வீட்டு வாசலில்தான் நின்றார். மூச்சு வாங்கியது எனக்குத்தான். பிள்ளைகள் ஓடிவந்து அக்காவின் காலைக் கட்டிக்கொண்டன. பேசாத மாமா, "வா" என்றார்.

மறுநாள் காலையில் அத்தை காபி நீட்டினார். "இப்ப வேணாம் அத்தை" என்றார் அக்கா. நம் பக்கம் நீட்டிய காபியை மறுத்தால் பகை என்றல்லவா பொருள்? அத்தை முகம் விழுந்துவிட்டது.

"இன்னும் கோவம் தீரலையோ, ஆத்தா?"

"கோவமில்ல அத்தை. மாத்திரை போட்டிருக்கேன். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கேன்."

அத்தை தம் தம்ளரையும் இறக்கி வைத்தார். "அப்ப நானும் பொறுக்கேன்."

பதினைந்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தார்கள். போன வருஷம் வந்த விஷக் காய்ச்சல் அக்காவை நான்கே நாளில் கொண்டுபோய்விட்டது. ஆனால் தைராய்டை அவர் கடைசி வரை ஜெயித்துத்தான் இருந்தார்.

மதுரை டாக்டருக்கும், கோட்டயத்து நர்ஸம்மாவுக்கும், மாத்திரை தீருமுன் மதுரைக்குப் போய் வாங்கிவந்த மாமாவுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. கடைசி நன்றி அத்தைக்கு. அக்கா இருந்தபோதே அவர் மகளைப் பெண் பார்க்கப் போடியிலிருந்து வந்தவர்களில் ஒருவர், "தாயாருக்கு என்னமோ சீக்குன்னு சொன்னாக. மகளுக்கும் வருமோ?" என்று இழுத்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை எழுந்து நின்று சொன்னார்:

"வந்தா வரட்டுமே. என் மருமக மாதிரி இருந்துட்டுப் போறா. அதுக்கு நீங்கதான் குடுத்து வச்சிருக்கணும்."