பழைய சாமான் கடைக்குப் புது வெப்சைட்

வெப்சைட் செய்வது, காலையில் முடித்துக் கொடுத்ததை மாலையில் பழசு என்று சொல்லக் கேட்கும் தொழில். இதில் என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. தப்பித்தவர்கள் நிம்மதியாகப் படியுங்கள்.

நான் காலேஜில் படித்து வந்தவள் இல்லை. பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த காலத்தில், அடுத்தவர் செய்த பக்கங்களுக்குள் எட்டிப் பார்த்துப் பார்த்துக் கற்றது. இப்போது நாற்பத்தெட்டு வயது. ராத்திரியெல்லாம் கொச்சி மட்டாஞ்சேரி வீட்டில் உட்கார்ந்து, ஏதோ ஒரு தூரதேசக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கு மூச்சு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்; அங்கே அப்போது பகல். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தவை பகலில் செய்த உள்ளூர் வெப்சைட்டுகள்தான். அந்த வாடிக்கையாளர்களும் ஏ.ஐ. மெஷினே செய்துவிடுகிறதே என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியவர் ஒருவர்: பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் நாசரிக்கா; இக்கா என்றால் இங்கே அண்ணன். எழுபது வயது. தூண் வாங்கக் காரைக்குடிக்குப் போய்ப் போய்த் தமிழ் பழகியவர். என்னை மோளே என்றுதான் கூப்பிடுவார், மகளே என்பது போல.

அவருடைய மருமகன் ஷமீர் ஷார்ஜாவில் இருக்கிறான். உலகத்தில் புதிதாக எது வந்தாலும் அன்றைக்கே லிங்க் அனுப்பிவிடுவான். என் கஷ்டமெல்லாம் அந்த லிங்க்கில்தான் தொடங்கும்.

காலி இடம்

முதலில் வந்தது ஒரு மியூசியத்தின் பக்கம். திரை முழுக்க வெள்ளை. நடுவில் ஒரே ஒரு ஜாடி. இப்போதெல்லாம் இப்படித்தான், பொருள் கொஞ்சம், இடம் நிறைய என்று ஷமீர் போனில் பாடம் எடுத்தான். நானும் இரண்டு வாரம் உட்கார்ந்து, கடையைத் துடைத்து எடுத்த மாதிரி ஒரு பக்கம் செய்தேன். நிஜக் கடையில் மரக்குதிரைக்கும் கதவு நிலைகளுக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்துத்தான் நடக்க முடியும்.

நாசரிக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வெள்ளை, வெள்ளை, ஒரு குத்துவிளக்கு, மறுபடி வெள்ளை. அவருடைய சாயா ஆறிப் போயிற்று.

"மோளே, நான் கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டேன்னு யாரு உங்கிட்ட சொன்னது?"

சுழலும் வார்ப்பு

அடுத்த லிங்க், பொருளை விரலால் சுழற்றி எல்லாப் பக்கமும் பார்க்கும் முப்பரிமாணப் படம். கடை வாசலில் ஒரு வார்ப்பு கிடந்தது. விருந்துக்குப் பாயசம் காய்ச்சும் வெண்கலப் பாத்திரம். தூக்க ஆறு பேர் வேண்டும். அதைச் சுற்றிச் சுற்றி முந்நூறு படம் எடுத்தேன். கைபட்டுக் கைபட்டுப் பளபளத்த விளிம்பெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. மினுக்கம் இருந்தால் இந்த வித்தை பலிக்காது, பவுடர் பூச வேண்டும் என்று எங்கோ படித்து, என் முகப்பவுடர் ஒரு டப்பாவை அதற்குப் பூசினேன். படம் அருமையாக வந்தது.

பூசியதை அப்படியே விட்டுப் போனால் மரியாதையாக இருக்காதே என்று, சோப்புத்தூளும் தேங்காய் நாருமாக அந்த வார்ப்பைத் தேய்த்துக் கழுவியும் வைத்தேன். தொழுகை முடிந்து வந்த நாசரிக்கா அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"பாத்திரம் யாரு வேணும்னாலும் வார்ப்பான் மோளே. அந்த அழுக்கு பிடிக்கத்தான் நூறு வருஷம் ஆச்சு."

பத்து நிமிஷம்

பொறுமை இழந்த ஷமீர், மெஷினிடம் இரண்டு வரி சொல்லித் தானே ஒரு வெப்சைட் செய்து அனுப்பினான். பத்து நிமிஷ வேலையாம். நன்றாகவே இருந்தது, அதைச் சொல்வதற்குத்தான் எனக்கு நாக்கு வரவில்லை. கடைக்குப் பின்னால் இல்லாத கடல் ஒன்று மின்னியது. முன்னால், உரிமையாளர் என்ற பெயரில் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக யாரோ ஒருவர். இனி சைட் இதுவே போதும், வருகிறவர்களோடு பேரம் பேசும் அரட்டைப் பெட்டி ஒன்றை ஒரு மாதத்துக்குள் செய்து தந்தால் செல்வியக்கா, அதாவது நான், இருக்கட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஷமீர் முடிவாகச் சொல்லிவிட்டான். கடைசி வாடிக்கையாளரும் போய்விடக் கூடாதே என்று நான் ஒப்புக்கொண்டேன். நாசரிக்கா தாடிக்காரரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளு நல்லாத்தான் இருக்கான். ஆனா நானே இவன்கிட்ட சாமான் வாங்க மாட்டேன் மோளே."

கைநீட்டம்

பெட்டிக்குப் பேரம் பழக்க, நாசரிக்காவைத் தினமும் போனில் பேசிப் பதிவு செய்யச் சொல்லி, எல்லாவற்றையும் எழுத்தாக்கி அதற்கு ஊட்டினேன். அதில் ஒன்று, காலையில் முதலில் வருகிற ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது. நாம் போணி என்பதை இங்கே கைநீட்டம் என்பார்கள். நான் யோசிக்காமல் விட்டது இதுதான்: ஒருவரிடம் பேசியது அடுத்தவரிடம் பேசும்போது அந்தப் பெட்டிக்கு நினைவிருக்காது. வருகிற ஒவ்வொருவரும் அதற்கு முதல் ஆள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அந்த வார்ப்பை ஒன்பது பேருக்கு, அவரவர் கேட்ட விலைக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தது.

திங்கள் காலை விஷயம் தெரிந்து கடைக்கு ஓடினேன். தேவராவில் கேட்டரிங் நடத்தும் ஒரு பெண் எனக்கு முன்பே மினி லாரியும் ஆறு ஆளுமாக வந்து, பெட்டி கொடுத்த வாக்கைப் போனில் காட்டியபடி நின்றார். பாயசம் வைக்கத்தான் கேட்டாராம். ஷார்ஜாவிலிருந்து ஷமீர், மெஷின் தப்பு என்று சொல்லி அவரை அனுப்பு, கூடவே செல்வியக்காவையும் அனுப்பு என்று போனில் குதித்தான். நாசரிக்கா ஷமீரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பெட்டிக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று என்னைக் கேட்டார். அவர் பதிவையே போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கடைசிவரை கேட்டார். பிறகு, கடை திறந்ததும் வந்த முதல் ஆள் அந்தப் பெண்தானே என்று, வார்ப்பைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

மற்ற எட்டுப் பேரிடமும் நானே போனில் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் கடைக்குக் கிளம்பி வழியில் வைட்டிலா வரை வந்துவிட்ட ஒருவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பெட்டியை அணைத்துவிட்டு நானும் போகிறேன் இக்கா என்று எழுந்தேன். அவர் ஷமீரின் அழைப்பைத் துண்டித்தார்.

"நான் சொன்னதைத்தானே அது செஞ்சிருக்கு. எப்போ விடிஞ்சுதுன்னுதான் அதுக்குத் தெரியல. நீ எப்படியும் ராத்திரி தூங்காதவ. விடிஞ்சதையும், மொத ஆள் வந்து போனதையும் தெனம் அதுக்கு நீ சொல்லிக் குடு மோளே."

ஆக, யாரிடமும் படிக்காமல் இருபத்தைந்து வருஷமாகக் கற்றுக்கொண்ட வித்தையையெல்லாம் திரட்டி நான் இன்று செய்யும் வேலை, ராத்திரிப் பணி முடிந்ததும் ஜூ டவுனுக்கு நடந்து போய், முதல் ஆள் ஏதாவது வாங்கிப் போகும்வரை சாயாவோடு காத்திருந்து, உலகத்திலேயே அதிபுத்திசாலி என்று சொல்லப்படும் இயந்திரத்திடம் 'இன்றைக்குப் போணி ஆயிற்று' என்று தட்டி அனுப்புவதுதான்.