நோனாப்பூவும் சின்னம்மாவின் முட்டும்

தை மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் நடக்கும். வேலியோரத்தில் நோனாப்பூ பூக்கும். சின்னம்மாவுக்கு மூச்சு இழுக்கும் முட்டு வருத்தம் வரும். முதலாவதால்தான் இரண்டாவது வருகிறது என்று கண்டுபிடித்தவர் அம்மா. கண்டுபிடித்த நாளிலிருந்து அந்தச் செடியை ஒழித்துக்கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை என்று ஏற்கெனவே பெயர் எடுத்திருந்தேன். பாயில் படுத்தாலும் கால் ஆடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவளிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கும் என்பதும் அம்மாவின் கணக்காக இருந்திருக்கலாம்.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு பெரிய பங்களாவை ஒட்டிய சின்னக் குவாட்டர்ஸில் நாங்கள் இருந்தோம். அப்பா துறைமுகத்துக் களஞ்சியத்தில் கிளாக்கர். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனதிலிருந்து அந்தப் பங்களா பூட்டிக் கிடந்தது. அங்கே இருந்த நோனா, அதாவது துரையின் பெண்சாதி, தன் ஊர் ஞாபகத்துக்கு நட்ட செடிதான் அது. நோனா கப்பலேறிப் போய்விட்டார், செடி போகவில்லை. நிலத்துக்குக் கீழால் வேரை ஓடவிட்டு, வேலியைத் தாண்டி எங்கள் வளவுக்குள் வந்து, அப்பாவின் உயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் மஞ்சள் குஞ்சம் கட்டிக்கொண்டு நின்றது. அதன் சரியான பெயர் கோல்டன் ராட் என்பது எனக்கு மிகப் பிற்காலத்தில்தான் தெரியவந்தது. தெருவில் திரியும் ஆடுகள் ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். சாமிக்கு வைக்கலாமா கூடாதா என்று ஒருவருக்கும் தெரியாததால் அது சாமிக்கும் போகவில்லை. தேனீக்களுக்கு மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. மாரி மழை ஓய்ந்ததும் ஊரில் உள்ள தேனீயெல்லாம் அதில்தான் மொய்க்கும்.

பிடுங்குவது லேசான வேலை இல்லை. தண்டை இழுத்தால் தண்டு வரும், வேர் வராது. வேரில் ஒரு துண்டு மண்ணுக்குள் கிடந்தால் போதும், அடுத்த கிழமை அங்கே மூன்று குருத்து நிற்கும். பூவின் நிறத்திலேயே ஒரு சிலந்தி அதற்குள் ஒளிந்திருந்து பூச்சிகளைப் பிடிக்கும்; முதல் தடவை அதைக் கண்டபோது பூவே தேனீயைத் தின்கிறது என்று பயந்துபோனேன். பூவின் மஞ்சள் தூள் கையிலும் சட்டையிலும் அப்பிக்கொள்ளும். ஊதினால் பறக்காது, தட்டினாலும் போகாது. சவர்க்காரம் போட்டுத் தேய்க்கவேண்டும். அதற்கும் எனக்குத்தான் திட்டு விழும்.

இனிச் சின்னம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்களோடுதான் இருந்தார். நன்றாகப் படித்து, யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சிக்கும் தெரிவாகியிருந்தார். சித்திரை கழிந்ததும் போகவேண்டும். ஆனால் அப்பாவுக்கு நெஞ்சில் நெருப்பு. துறைமுகத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், தன் முறை எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. வேலை கையில் இருக்கும்போதே மச்சாளை ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிடவேண்டும் என்று அவர் அந்தரப்பட்டார். வீட்டுக்குள் நடந்தபடியே தேத்தண்ணீர் குடிப்பார். நான் யாரைக்கொண்டு பிறந்தேன் என்பதை அவரைப் பார்த்தால் தெரியும்.

அந்த வருடம் பேசிவந்த மாப்பிள்ளை புல்மோட்டையில் மணல் அள்ளும் இடத்தில் நல்ல உத்தியோகம் பார்த்தவர். சீதனம் பெரிதாகக் கேட்கவில்லை. பெண் வீட்டோடு இருக்கவேண்டும், படிப்பு வேலை என்று வெளிக்கிடக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

"படிச்சு முடிச்சிட்டுக் கட்டுறனே, அத்தான்" என்று சின்னம்மா ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"படிப்பு எங்கயும் ஓடிப்போகாது. மாப்பிள்ளை ஓடிப்போவான்" என்றார் அப்பா.

சின்னம்மா அவருடைய வெறுங் கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனார். நானோ மாப்பிள்ளையின் பக்கம். கலியாணத்துக்குச் சரிகை வைத்த பட்டுப்பாவாடை தருவதாக அம்மா சொல்லியிருந்தார். முந்திய இரண்டு தையிலும் வந்தவர்கள் சின்னம்மாவின் முட்டு வருத்தத்தைக் கண்டு திரும்பிப் போனதால் என் பாவாடையும் திரும்பிப் போயிருந்தது. இந்தத் தடவை விடுவதில்லை என்று இருந்தேன்.

அவர்கள் வருகிற நாள் விடியவே மண்வெட்டியோடு இறங்கினேன். வேலியோரம், கிணற்றடி, குசினிக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற இடம், ஒன்றையும் விடவில்லை. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வளவு முழுதும் சுற்றிப் பார்த்து, "இப்பதான் மனிசர் இருக்கிற இடம் மாதிரி இருக்கு" என்றார். என் வாழ்நாளில் அம்மாவிடம் நான் வாங்கிய பெரிய பாராட்டுகளில் அது ஒன்று.

பின்னேரம் மாப்பிள்ளையும் தாயும் வந்து கதிரைகளில் அமர்ந்தார்கள். பயத்தம் உருண்டையும் சீப்புப் பலகாரமும் வைத்தாகிவிட்டது. சின்னம்மா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தவருக்கு முதலில் ஓர் இருமல். பிறகு நெஞ்சுக்குள் விசிலடிப்பதுபோல ஒரு சத்தம். தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார், இழுத்தார், விடவே இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று சரிகைப் பாவாடை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைக்கு இது சின்னனிலயிருந்தே உள்ளதோ?" என்று மாப்பிள்ளையின் தாய் மெல்லக் கேட்டார்.

"சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை" என்றார் அம்மா. "இஞ்ச ஒரு மஞ்சள் பூ இருக்கு. அது பூக்கிற காலத்தில மட்டும்தான். மற்றும்படி சுகமாத்தான் இருப்பாள்."

மாப்பிள்ளையின் தாய் யன்னல் வழியாக எங்கள் வளவை நிதானமாகப் பார்த்தார். வெறும் மண். ஒரு புல் பூண்டு இல்லை.

"வளவில ஒரு பூவையும் காணேல்லையே" என்றார்.

அம்மா பலகாரத் தட்டை அவர்கள் பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் ஊர்க் கதை கதைத்தார்கள். பலகாரத்தில் ஒன்றை எடுத்து மரியாதைக்குக் கடித்தார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அப்பா படலை வரை போய் வழியனுப்பிவிட்டு, உள்ளே வராமல் தெருவிலேயே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

அம்மா பூவரசங் கம்போடு என்னைத் தேடி வந்தார்.

"எங்கயடி விட்டனீ?"

"ஒண்டும் விடேல்லை அம்மா."

"விடாமல் முட்டு எங்கால வந்தது?"

முதல் அடி காலில் விழுந்தது. ஓடுவதில் எனக்கு நல்ல பழக்கம், ஆனால் அன்று ஓடவில்லை. என்னில் பிழை இல்லை என்று நின்றேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். எத்தனை அடி விழுந்தது என்று தெரியாது. குசினிப் பக்கமிருந்து சின்னம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் கையில் என் உயரத்துக்கு ஒரு நோனாப்பூ, கொத்தாகப் பூத்தபடி.

"அவளை அடிக்காதைங்கோ, அக்கா. இது குசினிக்குப் பின்னால நிண்டது. சின்னப்பிள்ளைதானே, கண்ணில படேல்லை."

அம்மா கம்பைப் போட்டுவிட்டுப் பூவைப் பறித்து அடுப்புக்குள் திணித்தார். சின்னம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தூக்குகிற வயதில்லை எனக்கு, ஆனாலும் தூக்கினார்.

அந்தத் தையில் வேறு சம்பந்தம் வரவில்லை. புல்மோட்டைக்குப் போன கதை ஊரெல்லாம் போயிருக்கும். கட்டிக்கொடுக்க ஏலாதவள் உழைத்தாவது சாப்பிடட்டும் என்று அப்பா ஒருவழியாகச் சம்மதித்தார். சின்னம்மா பயிற்சிக்குப் போனார், ஆசிரியையானார், கூடப் படிப்பித்த ஒருவரைத் தானாகவே பேசி ஒரு ஆவணியில் கட்டிக்கொண்டார். ஓய்வுபெறும்வரை கரும்பலகைக்கு முன்னால், சோக்குத் தூளுக்குள்தான் நின்றார். அந்தத் தூள் அவருடைய முடியில், சேலையில், இமையில்கூட இருக்கும். ஒரு நாள்கூட அவருக்கு மூச்சு இழுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அன்றைக்கு என்னைக் குழப்பியது வேறு. குசினிப் பின்புறத்தை விடியப் பிடுங்கியவள் நான். அங்கே ஒரு குருத்துக்கூட இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே ஒரே பகலில் என் உயரத்துக்கு வளர்ந்து பூக்கிற செடி இது என்று முடிவுசெய்தேன். அது முளைத்த குழியைத் தேடி நாள்கணக்காக அந்த ஈர மண்ணைக் கிண்டினேன். வேலிக்கு அந்தப்பக்கம், பூட்டிய பங்களாவின் முற்றத்தில் அந்தப் பூ காடாக நின்றது. அங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

சின்னம்மா என்னைத் தூக்கியபோது அவர் கன்னத்திலும் மூக்கிலும் அந்த மஞ்சள் தூள் அப்பியிருந்தது. என் சட்டையால் துடைத்துவிட்டேன். அழுது அழுது எனக்குத்தான் மூச்சு முட்டியது. அவர் ஆறுதலாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.