ரெண்டுக்கும் ரெண்டரைக்கும் நடுவில்

என் அக்கா புருஷன் மின்சார ஆபீஸில் பில் பணம் வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதே கிடையாது. கையில் என்ன கார் சாவி இருக்கிறது என்றுதான் பார்ப்பார். "மூணா, மூணரையா சார்?" என்பார். பில் கட்ட வந்த மனுஷன் பேந்தப் பேந்த விழிப்பான்.

அது கார்ப் பைத்தியங்களின் கணக்கு. கம்பெனி ஒரு காரை அடியோடு மாற்றிப் புதிதாகக் கொண்டுவந்தால் அது ஒரு தலைமுறை: ஒண்ணு, ரெண்டு, மூணு. நடுவில் விற்பனை படுத்துவிட்டால், உடம்பை அப்படியே விட்டுவிட்டு முன்விளக்கு, பம்பர், கிரில் மட்டும் மாற்றிப் புத்தம் புதுசு என்று விளம்பரம் செய்வார்கள். அதற்கு இவர்கள் வைத்த பெயர் அரை. ரெண்டாம் தலைமுறைக்கு மூஞ்சி மாற்றினால் ரெண்டரை. நான் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு போன அன்று அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாடி அதேதான். இவ அரை" என்றார். வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த காபியை அவர் தலையில் கொட்டியிருப்பேன். அக்கா முகத்துக்காக விட்டேன்.

அத்தானிடம் இருந்த கார் வெறும் ரெண்டு. அவர் அதை வீட்டுக்கு ஓட்டிவந்த அடுத்த மாதமே ரெண்டரை வந்துவிட்டது. ஷோரூம்காரன் இளித்துக்கொண்டே பழசைத் தள்ளிவிட்டிருக்கிறான். இவரும் வாயைப் பிளந்துகொண்டு வாங்கியிருக்கிறார். அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஊரில் ஒரு கிளப் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் தலைமுறை வாரியாக வரிசை கட்டி நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். ரெண்டுக்கு மட்டும் வரிசை கிடையாது. அதன் விளக்குகள் கொஞ்சம் சரிந்திருக்கும் என்பதால் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்துக் குப்பைத் தொட்டிப் பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். மற்ற ரெண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வண்டியை விற்றுத் தலைமுழுகினார்கள். அத்தான் மட்டும் வாராவாரம் போய்த் தொட்டியோரம் நின்றார். ஒரே ஒரு தடவை அந்த வரிசையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. மனுஷனுக்கு வேறு ஏதாவது ஆசை இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

அக்காவின் முன்பல் போனதும் இந்தக் காரால்தான். தெருநாய் ஒன்று குறுக்கே ஓடியது. பம்பரில் கீறல் விழுந்துவிடுமோ என்று அத்தான் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பக்கத்தில் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்த அக்காவின் வாய் டேஷ்போர்டில் போய் மோதியது. இறங்கி ஓடிப் பம்பரைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து டேஷ்போர்டைத் துடைத்தார். அப்புறம்தான் அக்காவைப் பார்த்தார்.

பல் கட்டுவதற்கென்று அக்கா கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தாள். ரெண்டரையின் மூஞ்சியை வாங்கி மாட்ட அத்தான் அதைக் கேட்டார்.

"பல்லு வாய்க்குள்ள இருக்கு, அதை யாரு பாக்கப்போறா? வண்டி ரோட்டுல நிக்குதுல்ல."

"குடுக்காதக்கா!" என்று கத்தினேன்.

கொடுத்துவிட்டாள். "பாவம்டி, எத்தனை நாளைக்குத்தான் குப்பைத் தொட்டிகிட்ட நிப்பாரு?" என்றாள், கையால் வாயை மறைத்துக்கொண்டு. அவளை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் புதிய மூஞ்சியை மாட்டினார்கள். கழற்றிய விளக்கையும் பம்பரையும் அத்தான் தன் கையாலேயே பழைய இரும்புக்காரன் வண்டியில் தூக்கிப்போட்டு, "சனியன் ஒழிஞ்சுது" என்றாராம். அந்த ஞாயிறு எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். இஸ்திரி போட்ட சட்டை. வழியில் ரெண்டு தடவை கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். எனக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது.

முதல் வரிசையின் நட்டநடுவில் ஓர் இடத்தைக் கயிறு கட்டிக் காலியாக வைத்திருந்தார்கள். கிளப் தலைவர் ஒரு மரக்கடை முதலாளி. சிரித்துக்கொண்டே வந்தவர் காரைக் கண்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"யோவ், எங்கய்யா தூங்குமூஞ்சி?"

"மாத்திட்டேன் சார். இப்ப ரெண்டரை."

"ரெண்டரை தெருவுக்குப் பத்து நிக்குதுய்யா! மூஞ்சி மாத்தாத பழசுக்குத்தான் இப்ப மவுசு. இந்த ஊர்லயே உன்னோடது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதைப் பாக்கத்தான் வெளியூர்லேருந்து ஆளுங்க வந்திருக்காங்க. அந்த நடு எடம் உனக்குத்தான் புடிச்சு வச்சிருக்கோம்."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்..."

"சஸ்பென்ஸா இருக்கட்டும்னு நெனச்சோம்."

அத்தான் பக்கத்து வரிசையைக் கையால் காட்டினார். "அப்ப ரெண்டரை வரிசைலயாவது விட்டுக்கட்டுமா?"

தலைவர் குனிந்து காரின் பக்கவாட்டில் விரலால் தட்டினார். "ரெண்டரைக்கு இண்டிகேட்டர் சைடு கண்ணாடில இருக்கும். உனக்கு இன்னும் தகட்டுல இருக்கு. இது ரெண்டும் இல்ல, ரெண்டரையும் இல்ல. எடுத்துட்டுப் போய் ரோட்டுல போடு."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் அத்தானைப் படம் வேறு எடுத்தான். அவர் இப்படி அவமானப்பட வேண்டும் என்று எத்தனையோ நாள் நான் ஆசைப்பட்டிருக்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரை அடுத்த தெருவில் போட்டுவிட்டு அத்தான் திரும்பி வந்து ஓரமாக நின்றார். அதைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, தலைவர் ஒரு விசிலை எடுத்து நீட்டி, "சும்மாதானே நிக்குறே, வர்ற வண்டிங்களை ஒழுங்கா வரிசைல விடு" என்றார். அன்றிலிருந்து வாராவாரம் அதுதான் வேலை. வெயிலில் நின்று விசில் ஊதுகிறார். ரெண்டரையை இந்தப் பக்கம் கூப்பிடுகிறார், மூணை அந்தப் பக்கம் அனுப்புகிறார். படம் எடுக்கும்போது ஓரமாக நகரச் சொன்னால் நகர்ந்துகொள்கிறார்.

போன வாரம் பொறுக்க முடியாமல் அக்கா முன்னாலேயே கேட்டுவிட்டேன். "அத்தான், உங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கமா இல்லையா?"

அவர் விசிலைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். "கிளப்புலயே விசில் இருக்கறது எனக்கு மட்டும்தான், தெரியுமா?" என்றார்.

"ஆமாண்டி" என்றாள் அக்கா, பெருமையாக.