மலையில் அவள் பெயர்

அந்த மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை நான் மலையேறப் போனதற்குக் காரணம் மலை இல்லை, வயிற்றெரிச்சல். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு என் மனைவி புதுக் குடியேறிகளுக்கான பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பில் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு மலைக்குப் பனியில் நடக்கப் போவதாக ஆசிரியர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரரையும் கூட்டி வரலாமாம். அவள் என்னைக் கேட்டது ஒரு மரியாதைக்குத்தான். நான் உடனே ஓம் என்றுவிட்டேன்.

அந்த ஆசிரியரை ஒருதரம் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் சோற்றுக்கு உலை வைக்கும்போதும் "மெசியூ அப்பிடிச் சொன்னவர், மெசியூ இப்பிடிச் சொன்னவர்" என்று அவர் கதைதான்.

"சப்பாத்துக்கு அடியில மாட்ட முள்ளுச் சங்கிலி இரவல் தருகினமாம். உங்களுக்கும் ஒண்டு கேக்கட்டே?" என்றாள்.

"இது துறைமுகத்தில பத்து வருசம் பனியில நிண்ட சப்பாத்து. எனக்கு ஒண்டும் வேண்டாம்."

கொள்கலன் இறக்கும் இடத்தில் போடுகிற, முன்பக்கம் இரும்பு வைத்த சப்பாத்து அது. பெட்டி விழுந்தால் காலைக் காப்பாற்றும். ஆனால் மலையில் விழுவதற்குப் பெட்டி எதுவும் இல்லை. இரும்பு குளிரை இழுத்து விரல்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

ஆசிரியருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். நரைத்த தாடி, தொப்பை. கண்டதும் என் எரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடைசி எழுத்தை இழுத்து, ஏதோ பாட்டுச் சொல்லிக் கொடுப்பது மாதிரி. பிறகு கூடப் படிக்கும் கொலம்பியாக்காரி கூப்பிட்டாள், சீனப் பெடியன் கூப்பிட்டான். ஒவ்வொருவர் வாயிலும் அந்தப் பெயர் ஒவ்வொரு மாதிரிக் கோணியது. எல்லாருக்கும் அவள் சிரித்துக்கொண்டே "வுய்?" என்று பிரெஞ்சில் ஓம் சொல்லித் திரும்பினாள்.

கலியாணம் கட்டி ஒன்பது வருடத்தில் நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இஞ்சாரும்" என்பேன். அவளும் "இஞ்சாருங்கோ" என்பாள். என் அப்பாவும் அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார். நாலு பேருக்கு முன்னால் மனைவியின் பெயரைச் சொல்வது எனக்குக் கூச்சம். விசாக் கடுதாசிகளில் அதை எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஏறும் வழியில் சின்னக் குருவிகள் கையில் வந்திருந்து விதை கொத்தும் இடம் ஒன்று இருந்தது. ஆசிரியர் அவள் உள்ளங்கையில் சூரியகாந்தி விதை வைத்து, ஆடாமல் இருக்க மணிக்கட்டைப் பிடித்தார். குருவி வந்தது. நானும் பொக்கற்றில் கிடந்த உப்புக் கச்சான் கடலையை எடுத்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு குருவியும் எட்டிப் பார்க்கவில்லை. கச்சானை நானே தின்றேன்.

இறங்கும்போது அவர்கள் முள்ளுச் சங்கிலியோடு நறுக்நறுக்கென்று போய்விட்டார்கள். நான் மரத்துக்கு மரம் பிடித்துப் பின்னால் வந்தேன். ஒரு திருப்பத்தில் கால் வழுக்கி அப்படியே பனியில் குந்திவிட்டேன். கால்விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"இஞ்சாரும்" என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. இன்னொருதரம் கத்தினேன். கீழே அவள் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். என்னிடம் அவள் அப்படிச் சிரிப்பு வரக் கதைத்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

உடனே திரும்பினாள். "வுய்?" முகத்தில் அதே சிரிப்பு. கூப்பிட்டது யார் என்று பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தாள். ஆசிரியரைப் பார்த்தாள். கடைசியாகத்தான் மேலே என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே போய்விட்டது. விழுந்தடித்துக்கொண்டு மேலே ஓடி வந்தாள்.

"ஆரும் போன் எடுத்தவையே? ஊரில ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதே?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. வழுக்கிப் போட்டுது."

"அப்ப ஏன் பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்கள்? எனக்கு நெஞ்சு பக்கெண்டு போச்சு."

விரல் விறைத்துப் போச்சு என்று சப்பாத்தைக் காட்டினேன். அவள் பனியில் முழங்காலிட்டு என் சப்பாத்தைக் கழற்றி, விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். பிறகு அடிவாரம் வரை என் கையை விடவில்லை. அதை எல்லாரும் பார்த்தார்கள், ஆசிரியரும் பார்த்தார். அது எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்த "வுய்"யும் அதோடு வந்த சிரிப்பும்.

அடுத்த நாள் காலை வேலைக்கு வெளிக்கிட்டு, கதவடியில் நின்று, மெதுவாக, பிரியமாகத்தான் அவள் பெயரைச் சொன்னேன்.

குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"இப்ப என்ன நடந்தது?" என்றாள்.