சிறந்த தொழிலாளியின் போட்டோ

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். ஆட்களை உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று, மாதம் ஒரு சிறந்த தொழிலாளியின் போட்டோவைச் சுவரில் மாட்ட ஆரம்பித்தேன். முதல் போட்டோவில் இருந்த பெண் அதைப் பார்த்ததும் நேராக என் மேசைக்கு வந்தார்.

“இன்னா சார் இது? கன்னத்துல பசை, தலையெல்லாம் நூலு. கழட்டுங்க மொதல்ல. இத்தினி பொம்பளைங்க வேலை செய்ற எடத்துல ஒரு கண்ணாடி உண்டா?”

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம். மறுநாளே வாசலருகே ஆளுயரக் கண்ணாடி மாட்டினேன். அடுத்த மாதம் அந்தப் போட்டோவுக்கு அப்படியொரு போட்டி.

நேற்று சாயங்காலம் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அதே குரல்: “நல்லாத்தான் இருக்கீங்க, தள்ளுங்க சார். பஸ் போய்டும்.”