மேலேறாத கால்

அந்த வண்டியை முதலில் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் பீங்கான் கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்த காலி மனையில், வேப்பமரத்தடியில் நின்றது. பஸ் நீளம் இருக்கும், ஆனால் பஸ் இல்லை. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருந்தன. வெளியே நான்கு மூலையிலும் இரும்புக் கால்களை இறக்கித் தரையில் ஊன்றியிருந்தது, படுக்கப் போகிற மாடு மாதிரி.

வண்டிக்காரர் புதுச்சேரிக்காரர். ரொம்ப வருஷம் பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அந்த வீட்டு வண்டியையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். அவர் சம்சாரத்துக்குப் பிறந்த ஊர் விருத்தாசலம். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி, அந்த அம்மா உட்காரக்கூடாது, படுத்தே இருக்க வேண்டும். படுக்கை சரியான மட்டத்தில் இல்லாவிட்டால் தலை சுற்றும். அதற்குத்தான் அந்த நான்கு கால்களும். எண்ணெய் அழுத்தத்தில் இறங்கி வண்டியை மட்டமாகத் தூக்கி நிறுத்தும். பொத்தானை அமுக்கினால் எண்ணெய் திரும்பிப் போய், ஸ்பிரிங் காலை மேலே இழுத்துக்கொள்ளும்.

பின்பக்கம் இடது கால் மட்டும் மெதுவாக அமுங்கிக்கொண்டிருந்தது. ஹைட்ராலிக் தெரிந்தவர் யாராவது உண்டா என்று ஐயா எங்கள் ஷெட்டில் வந்து கேட்டார். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். எனக்கு இருபத்தொரு வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நான்கு வருஷமாகப் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மண் மாவை அச்சில் போட்டு அழுத்தி பியூஸ் கட்டை எடுக்கிற மெஷின். அதுவும் எண்ணெயில் ஓடுகிறதுதான்.

போய்ப் பார்த்தேன். ஒரு ஜாயின்ட்டில் கசிவு. இறுக்கினேன். அந்தக் காலுக்கான தொட்டியில் ஆயில் குறைந்திருந்தது.

"புது ஆயிலா பாத்து ஊத்து தம்பி," என்றார் ஐயா.

"நம்ம கம்பெனியிலயே இருக்குதுங்க. டின்னு ஒடைக்காதது."

டின்னும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் ஷெட்டில் பழைய ஆயிலை யாரும் கொட்டமாட்டோம். பிரஸ்ஸிலிருந்து இறக்கி, கிழிந்த வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி, மறுபடியும் பிரஸ்ஸிலேயே ஊற்றுவோம். பிரஸ் அதைக் குடித்துவிட்டு ஓடும். பெரிய வால்வு, பெரிய துவாரம். வடிகட்டின ஆயில் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். அதில் ஐந்து லிட்டர் ஊற்றினேன். கால் ஜம்மென்று எழுந்து நின்றது.

உள்ளே அந்த அம்மா தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார். மட்டம் பார்க்க அதுதான் அவருடைய கருவி.

"தண்ணி ஆடாம நிக்குது. கெட்டிக்காரன்தான் நீ," என்றார்.

"நொண்டிக் காலு ஒன்னத்தாம்மா நிமித்துனேன். இனிமே ஓட்டப்பந்தயத்துக்கே வுடலாம்."

"காலு சரியாயிடுச்சு. உன் வாயி எப்ப சரியாவும்?"

"அதுக்கு ஸ்பேர் கெடைக்கலம்மா."

அவர் வயிறு குலுங்கச் சிரித்து, உடனே முதுகைப் பிடித்துக்கொண்டு "சிரிக்க வெக்காதடா பாவி" என்றார். இரண்டு நாள் டீ வேளையில் எல்லாம் நான் அங்கேதான் இருந்தேன். ஸ்ரீமுஷ்ணத்தில் அவருடைய அக்கா இருக்கிறாராம். அவருக்கும் உடம்பு சரியில்லை. பிறந்த வீட்டில் மிச்சம் இருப்பது அக்காவும் இவரும்தான். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. புதுச்சேரியிலிருந்து வந்த அலுப்புக்கு இரண்டு நாள் படுத்து எழுந்துவிட்டுப் போகலாம் என்று இங்கே நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அக்கா மகளிடமிருந்து செல்போனில் அழைப்பு வந்தது. அக்கா விடியற்காலையில் போய்விட்டார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். பிறந்த வீடு என்று சொல்ல இந்த அம்மா ஒருவர்தான். ஐயா கடைத்தெருவுக்கு ஓடி ஒரு மஞ்சள் சேலை வாங்கிவந்தார். வந்து பொத்தானை அமுக்கினார். மூன்று கால்கள் ஏறின. நான் ஆயில் ஊற்றின அந்தப் பின்னிடது கால் ஏறவில்லை. தரையில் ஊன்றிய காலோடு வண்டியை நகர்த்தினால் கால் பிய்த்துக்கொண்டு போகும், அடிச்சட்டமும் சேர்ந்து வளையும். படுக்கை சாயாமல் இருக்க மற்ற மூன்றையும் திரும்ப இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"அரை மணி நேரம்ங்க," என்றேன்.

பியூஸ் பார்த்தேன். நன்றாக இருந்தது. பக்கத்துக் காலின் ஒயரைப் பிடுங்கி இதில் மாட்டி அமுக்கினால் வால்வு 'டிக்' என்றது. ஆகவே கரண்டில் குறையில்லை. ஸ்பிரிங் துருவேறியிருக்கும் என்று மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. ஐயா என் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அந்த அம்மா மணி கேட்டுக்கொண்டே இருந்தார்.

பதினொரு மணி இருக்கும். வால்வுக்குக் கீழே ஒரு சொட்டு நின்றது. விரலில் தொட்டுப் பார்த்தேன். வெளுப்பாக இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். நான்கு வருஷமாகத் தினமும் தேய்த்துப் பழகின வழவழப்பு. எங்கள் பிரஸ் மண். வேட்டியில் நிற்காத அளவுக்கு நைஸாக இருக்கிற மண். இரண்டு நாள் தொட்டியில் கிடந்து, எண்ணெய் திரும்பிப் போகிற ஊசித் துவாரத்தில் போய் அடைத்துக்கொண்டது.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலுக்குப் போகிற எண்ணெய் ஹோஸின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். சிக்கின எண்ணெய் வெளியே வந்துவிடும். கால் தானாக ஏறும். ஆனால் வெளியே வருவது வெள்ளையாக வரும். டார்ச்சோடு ஐயா பக்கத்தில் இருக்கிறார். டின் உடைக்காத ஆயில் என்று என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

விரலை டவுசரில் துடைத்துக்கொண்டேன்.

பம்பைப் போட்டுப் போட்டு நிறுத்தினால் அடைப்பு தானாக விட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போட்டேன், நிறுத்தினேன், போட்டேன். சுத்தியலை எடுத்துத் தட்டினேன். பன்னிரண்டு மணிக்கு ஐயா ஒரு அம்பாசிடர் கூட்டிவந்தார். பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் படுக்க வைக்கலாம் என்றான் டிரைவர். அம்மாவுக்குக் கால் கொஞ்சம் மடங்கும், அவ்வளவுதான். டாக்டர் மடக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ஐயா தயங்கி என்னைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் ஆவும் தம்பி? நெஜத்தச் சொல்லு."

"அரை மணிதாங்க. இந்த ரோட்டுல அம்மாவ அம்பாசிடர்ல மடிச்சி எடுத்துக்குனு போனீங்கன்னா அங்க ரெண்டு பாடை கட்டணும்."

ஐயா முகம் சுருங்கியது. ஜன்னலுக்குள்ளிருந்து அந்த அம்மாதான் சிரித்தார். "அவன்தான் சொல்றான்ல, அரை மணின்னு. வுடுங்க," என்றார். டிரைவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஜங்ஷனுக்கு ரயில் வருகிற நேரம் என்று போய்விட்டான்.

அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை.

ஒரு மணிக்கும் அரை மணி என்றேன். இரண்டு மணிக்கும் அதையே சொன்னேன். ஜன்னலிலிருந்து மணி கேட்கிற குரல் நின்றுபோயிருந்தது.

மூன்று மணிக்கு எங்கள் கம்பெனி பேக்கிங் ஷெட்டிலிருந்து மூன்று பொம்பளைகள் வந்து நின்றார்கள். காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். மூத்தவள் என்னைத் தாண்டி ஐயாவிடம் பேசினாள்.

"எங்க கம்பெனி டெம்போ நிக்குது. நாங்க ஏத்துறோம் வாங்க. கப்பு சாசரெல்லாம் கீறல் வுழாம பம்பாய்க்குப் போவுது. இந்தம்மா ஸ்ரீமுஷ்ணம் போவ மாட்டாங்களா?"

டெம்போவில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் போட்டார்கள். மெத்தையோடு அந்த அம்மாவைத் தூக்கி அதன் மேல் வைத்தார்கள். இடுப்புக்கு இரண்டு பக்கமும், கழுத்துக்கு அடியில், பாதத்துக்குக் கீழே, இடைவெளி இருந்த இடமெல்லாம் வைக்கோலைச் சுருட்டி அடைத்தார்கள். ஜாடிக்கு எப்படிச் செய்வார்களோ அப்படி. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"எவ பொண்ணுடி நீ? இவ்ளோ நல்லாக் கட்டுற," என்று அந்த நிலையிலும் அவர் ஒருத்தியைக் கேட்டார்.

நானும் ஏறிக்கொண்டேன். ஐயா தலைமாட்டில், நான் கால்மாட்டில். கோடிச் சேலைப் பை என் மடியில். பள்ளம் வரும் இடமெல்லாம் டிரைவர் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினான். தனியார் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. அந்த அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஸ்கூலுக்குப் போறப்பல்லாம் அக்காதான் வாசல்ல நின்னு கத்துவா. உன்னால எனக்கும் லேட்டுடி, உன்னால எனக்கும் லேட்டுடின்னு."

ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு பதில் வந்தது, வழக்கம்போல. விழுங்கிவிட்டேன்.

போய்ச் சேரும்போது ஐந்தரை. பந்தலுக்குக் கீழே இரண்டு பேர் வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் திண்டிவனத்துப் பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டு உறையை மாட்டினார்கள். அக்கா மகள் ஈரத்தலையோடு டெம்போவுக்கு ஓடிவந்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் புடிச்சு வெச்சேன் சின்னம்மா. பொழுது போயிடும்னு எடுத்துட்டாங்க."

"கோடி?"

"பக்கத்து வூட்டம்மா போட்டாங்க."

அக்கா மகள் டெம்போவில் ஏறி அவர் பக்கத்தில் வைக்கோலிலேயே படுத்துக்கொண்டு அழுதாள். பையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நான் கீழே இறங்கி நின்றேன். அன்றைக்கு ராத்திரியே அம்மாவோடு திரும்பி வரும்போதும் அது என் மடியில்தான் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்பேனரோடு போனேன். ஐயா அன்றைக்கும் டார்ச் பிடித்தார். ஒன்றும் தட்டவில்லை, ஒயரைத் தொடவில்லை. நேராக ஹோஸ் நட்டைத் தளர்த்தினேன். மோர் மாதிரி வெள்ளையாக வழிந்தது. கால் ஒரு முனகலோடு மேலே ஏறி, தன் இடத்தில் போய் நின்றது.

ஐயா கீழே வழிந்ததை விரலில் தொட்டுப் பார்த்தார். எதிரே எங்கள் ஷெட் வாசலில் குவித்திருந்த மண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நேத்தே இதக் கழட்டியிருக்கலாமா?"

"கழட்டியிருக்கலாம்ங்க."

"தெரியுமா உனக்கு?"

"பதினோரு மணிக்கே தெரியும்ங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் டார்ச்சை அணைத்தார். அவ்வளவுதான். பழைய துணி ஒன்றை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்து, துடைத்துக்கொண்டே இருந்தார்.

தலைக்கு மேலே ஜன்னல் திறந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"தம்பி," என்றார் அந்த அம்மா உள்ளேயிருந்து.

"ம்மா."

"இப்ப எவ்ளோ நேரம் ஆச்சு, அது ஏறறதுக்கு?"

"பத்து நிமிஷம்மா."

கொஞ்ச நேரம் ஜன்னலுக்குக் கீழேயே நின்றேன். திட்டுவதற்காவது ஒரு வார்த்தை வரும் என்று. உள்ளே டம்ளரை எடுத்து வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.